பனமலையில் குளோஸ்-அப் கத்துக்கலாம்... மொபைலே போதும்!

குளோஸ்-அப் போட்டோன்னா உடனே ரெண்டு விரலால ஸ்கிரீனை இழுத்து ஜூம் பண்றோம். அங்கேதான் படம் கெட்டுப்போகுது. டிஜிட்டல் ஜூம் பொருளைக் கிட்டே கொண்டுவராது. இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பொருளுக்கு எவ்வளவு கிட்டே போகலாம், எங்கே தள்ளி நிற்கணும்? இது ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

ரெண்டையும் ஒரே நாளில் பழக நல்ல இடம், செஞ்சி பக்கத்துல இருக்கும் பனமலை. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் ஒரு பெரிய ஏரி, குன்று, அதன் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. சுமார் 1,300 வயசு!

கிட்டே போங்க: ஏரிக்கரை

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் உண்டு. அதைவிட நெருங்கினால் படம் மங்கிடும். மேக்ரோ மோட் உள்ள மொபைல்கள் சிலவற்றில் 2 முதல் 4 செ.மீ வரை நெருங்கலாம். மேக்ரோ மோட் இல்லையா? கிளிப் மாதிரி மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கலாம்.

தட்டான், எறும்பு, புல் நுனிப் பனித்துளி... எதுவானாலும் காலையிலேயே எடுங்க. குளிர்ச்சியில் பூச்சிகள் மெதுவா நகரும், காற்றும் பெரும்பாலும் குறைவா இருக்கும். இவ்வளவு கிட்டே எடுக்கும்போது சில மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவா விழும். அதனால பூச்சியின் கண்ணில் ஃபோகஸ் வைங்க. தட்டானைப் பக்கவாட்டில் எடுத்தால், மொபைலை அதன் உடலுக்கு இணையாகப் பிடிங்க. தலை முதல் வால் வரை தெளிவா வரும். ஸ்கிரீனை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் பண்ணிட்டு, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைச்சு, கூர்மையாகும் நொடியில் கிளிக்!

படத்துக்காகப் பூச்சியை ஃப்ரிட்ஜில் வைப்பது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

சாய்ந்த வெளிச்சம்: கல்வெட்டு

கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜசிம்மனின் கிரந்தக் கல்வெட்டு ஓடுது. உச்சிவெயிலில் எடுத்தால் எழுத்தும் கல்லும் ஒண்ணாத் தெரியும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை, மாலையில் எடுத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீங்க.

தள்ளி நில்லுங்க: பார்வதி ஓவியம்

வடபுறச் சிறு சன்னிதியில் பல்லவர் கால ஓவியம் ஒண்ணு இருக்கு. குடைக்குக் கீழே, ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து நிற்கிறாள் பார்வதி. சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்பார்கள். ஆனால், அந்தச் சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது நம்ம கையிலும் இருக்கு.

இது சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம். விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டாலே கெடும். பை உரசினால் உதிரும். அதனால சில விதிகள்:

* கோயிலில் இருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்க. வழிபாடு நடக்கும் இடம் இது.

* ஃப்ளாஷ், டார்ச் ரெண்டும் ஆஃப். வலுவான ஒளி பழைய வண்ணங்களுக்கு ஆகாது.

* மேக்ரோ மோட் வேண்டாம். தள்ளி நின்று, டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் அதில் எடுங்க. இல்லையென்றால் முழுசா எடுத்துவிட்டுப் பிறகு கிராப் பண்ணுங்க.

* இருட்டில் கை ஆடும். முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, 2 நொடி டைமர் வைங்க. சுவரில் சாயாதீங்க.

* மொபைல் சுவருக்கு நேராக இருக்கட்டும். முகம், கிரீடம், குடை எனத் தனித்தனியா எடுங்க.

எடுத்த படத்தைத் தேதியோடு சேமிச்சு வைங்க. சில வருஷம் கழிச்சு அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், சுவரில் எது மாறியிருக்குன்னு உங்க மொபைலே சொல்லும்.