இருட்டறைப் படக்கருவி

இருட்டறைப் படக்கருவி (கேமரா அப்ஸ்கூரா) என்பது வெளிச்சம் புகாதவாறு மூடப்பட்ட அறையின் ஒரு பக்கத்திலுள்ள சிறுதுளை வழியாக, வெளிக்காட்சியை எதிர்ச்சுவரில் தலைகீழாக விழச்செய்யும் அமைப்பு ஆகும். இலத்தீன் மொழியில் இப்பெயருக்கு "இருண்ட அறை" என்று பொருள். யோகான்னசு கெப்லர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். கேமரா என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

செயற்படும் விதம்

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. எனவே ஒரு தென்னையின் உச்சியிலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து சுவரின் கீழ்ப்பகுதியையும், அடியிலிருந்து வரும் கதிர் மேற்பகுதியையும் அடைகின்றன. இடவலமும் இவ்வாறே மாறும். துளையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் நிற்கும் 10 மீட்டர் உயர மரம், துளைக்கு 3 மீட்டர் உள்ளே இருக்கும் சுவரில் 1 மீட்டர் உயரமாக விழும். துளை பெரிதானால் படத்தின் வெளிச்சம் கூடும், கூர்மை குறையும். மேற்கண்ட தொலைவுக்கு மிகக் கூர்மையான படம் சுமார் 2.5 மில்லிமீட்டர் துளையில் கிடைக்கும் எனினும், அது கண்ணுக்குப் புலப்படுவது கடினம்.

வீட்டில் அமைத்தல்

காங்கேயம் போன்ற, ஆண்டின் பெரும்பகுதி நல்ல வெயில் அடிக்கும் ஊர்களில் இதனை எளிதாக அமைக்கலாம். சன்னலைக் கறுப்பு அட்டையால் மூடி, அதில் 10 முதல் 15 மில்லிமீட்டர் அகலத் துளை இடவேண்டும். கதவிடுக்குகளைத் துணியால் அடைக்கவேண்டும். பலரது முயற்சி தோற்பது இங்குதான். வெள்ளைச் சுவர் இல்லையெனில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடலாம். வெயில் எதிரேயுள்ள காட்சியின் மீது விழவேண்டும் என்பதால், கிழக்குப் பார்த்த சன்னலுக்குப் பிற்பகலே ஏற்றது. கண்கள் இருளுக்குப் பழகச் சுமார் 10 நிமிடங்கள் ஆகும். அதன்பின் தெருவில் செல்லும் வண்டிகள் சுவரில் தலைகீழாக ஓடுவதைக் காணலாம். தொலைவிலுள்ள சிவன்மலையை விட எதிர்வீட்டுத் தென்னையே பெரிதாகத் தெரியும். துளை வழியாகச் சூரியனை நேரே பார்க்கக் கூடாது.

இயல்பாக அமைந்தவை

ஓட்டு வீடுகளில் கூரையின் சிறு இடுக்கு வழியே தரையில் விழும் வெயில் வட்டமாக இருப்பது இடுக்கின் வடிவத்தால் அன்று. அது சூரியனின் படமே. 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து நேர்கீழே விழும் அவ்வட்டம் சுமார் 2.8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், கரூர் பகுதிகளில் 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, இத்தகைய வட்டங்கள் முதலில் பிறையாகவும் பின்னர் வளையமாகவும் மாறக்கூடியனவாக இருந்தன. கிரகணத்துக்கு அஞ்சி வீட்டினுள் இருந்தவர்களும் இதனைத் தீங்கின்றிக் கண்டிருக்க இயலும். அடுத்த வாய்ப்பு 2031 மே 21 அன்று. அன்றைய வளைய கிரகணப் பாதை கேரளம், தென் தமிழகம் வழியாகச் செல்லும்.

கர்நாடகத்தின் ஹம்பியிலுள்ள விருபாட்சர் கோயிலில், கிழக்கு இராசகோபுரத்தின் தலைகீழ் உருவம் ஓர் இருண்ட அறையின் சுவரில் விழுகிறது. இதனைக் கோபுரத்தின் "நிழல்" என்று காட்டுவது வழக்கம். ஆனால் நிழல் என்பது ஒளி தடைபட்ட இடம். இங்கு விழுவதோ கோபுரத்திலிருந்து வரும் ஒளியே.

கலையில்

கியூபாவில் பிறந்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அபெலார்டோ மொரெல் 1991 முதல் வீடுகளையும் விடுதி அறைகளையும் இருட்டறைகளாக்கி, அவற்றினுள் விழும் நகரக் காட்சிகளைப் படமெடுத்து வருகிறார். தொடக்கத்தில் ஒரு படத்துக்குப் பல மணிநேர ஒளியூட்டம் தேவைப்பட்டது.