உடன்படிக்கையின் ஒரு பாதி

தெப்ராவிலிருந்து உலு திராம் வழியாக வடகிழக்கே போகும் சாலை கோத்தா திங்கியைத் தொடுகிறது. 1699-இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக ஆட்கள் தோளில் சுமந்து செல்லும்போதே குத்திக் கொல்லப்பட்ட ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்முட் ஷாவின் கல்லறை அங்கே கம்போங் மாக்காமில் இருக்கிறது. மலாக்காவில் பரமேசுவரா தொடங்கிவைத்த அரச மரபு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு ஓடி அவரோடு அறுந்தது. ஊர் சொல்லும் காரணம் ஒரு பலாச்சுளை. கடற்படைத் தளபதியான லக்சமணா மெகாட் ஸ்ரீ ராமா கடற்கொள்ளையரை அடக்கப் போயிருந்த நேரத்தில், அவருடைய கர்ப்பிணி மனைவி டாங் அனும் மசக்கை தாளாமல் அரசருக்கென்று வைத்திருந்த பழத்தில் ஒரு சுளையைத் தின்றுவிட்டாள். ஆசைப்பட்டது வயிற்றுப் பிள்ளைதான் என்று அவள் சொல்ல, அது மெய்தானா என்று பார்க்க வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம் சுல்தான். திரும்பி வந்த கணவரின் கையில் கிரிஸ் ஏறியது.

கொடுங்கோலன் மாண்டான், கதை முடிந்தது என்று இதைப் படித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆணவத்தால் வீழும் அரசர்களை மேடையேற்றிய பழைய கிரேக்கர்கள் வெறும் கொடுமையைப் பெரிதாகப் பேசவில்லை. கி.மு. 472-இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில் செர்க்சஸ் மீது சுமத்தப்படும் குற்றம், கடலையே தளையிட்டுப் பாலமாக்கத் துணிந்தது. சோபோக்ளிஸின் ‘அந்திகோனே’யில் கிரியோன் மன்னன் துரோகியைத் தண்டிப்பதில் தவறில்லை, செத்தவனைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிடும்போதுதான் எல்லை தாண்டுகிறான். மகன் சொல்கிறான், கண்ணில்லாத குறிசொல்லி சொல்கிறான், அவன் கேட்பதில்லை. தன் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை ஓர் அரசன் பார்க்க மறுப்பதே அந்த நாடகங்களில் ஆணவம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை நாட்டுக்கு நாடு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலாய் அரசில் அது எழுதியே வைக்கப்பட்டிருந்தது. 1612-ஆம் ஆண்டைத் தாங்கிய ‘செஜாரா மெலாயு’ பிரதியை ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் ஸ்ரீ லானாங்கோடு இணைத்துச் சொல்வது வழக்கம். அதில் ஆதி அரசன் ஸ்ரீ திரி புவனாவுக்கும் குடிகளின் தலைவன் டெமாங் லேபார் டாவுனுக்கும் ஓர் உடன்படிக்கை நடக்கிறது. அரசன் எத்தனை கொடியவனாக இருந்தாலும் குடிகள் துரோகம் செய்யக் கூடாது. அதற்கு ஈடாக, குற்றம் பெரிதென்றால் குடிமகனைக் கொல்லலாம், ஆனால் அவமானப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்யும் அரசனின் நாட்டை இறைவனே அழிப்பான். வேடிக்கையான ஒப்பந்தம்தான்: கொலைக்கு இடம் உண்டு, இழிவுக்கு இல்லை. மஹ்முட் சிறுவனாக அரியணை ஏறியவர். ஆட்சியை உண்மையில் நடத்திய பெண்டஹாரா துன் ஹபிப் அப்துல் மஜீட் 1697-இல் இறந்தபின், தடுக்க ஆளில்லாமல் இரண்டே ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் அவர் உடன்படிக்கையின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார் என்பதே என் வாதம். கடலில் தனக்காகப் போரிடும் தளபதியின் மனைவியை ஒரு சுளைக்காகக் கிழிப்பதைத் தண்டனை என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

இதெல்லாம் வென்றவர்கள் கட்டிய கதை என்பார்கள். நியாயமான சந்தேகம். கொலைக்குப் பின் அரியணை ஏறியவர் புதிய பெண்டஹாரா அப்துல் ஜாலில். முந்தியவரைக் கறுப்பாகத் தீட்டுவதில் அவருக்கு லாபம் இருந்தது. 1695-இல் ஜொகூர் வந்த ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஹேமில்டன், தாம் பரிசளித்த கைத்துப்பாக்கியைத் தெருவில் ஓர் ஏழையின் மேல் சுட்டு மஹ்முட் சோதித்துப் பார்த்ததாக எழுதினார். அவரையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை: பின்னாளில் அவருக்குச் சிங்கப்பூர்த் தீவையே கொடுக்க முன்வந்தவர் இதே அப்துல் ஜாலில்தான். பலாச்சுளை நடந்ததோ இல்லையோ, என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை. அரசனைக் கொன்றதற்கு நியாயம் தேடியவர்கள் எந்தக் குற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே சான்று. வரி, போர்த் தோல்வி, மதம் என்று எதையும் சொல்லாமல், உடன்படிக்கையின் இரண்டாம் பாதியை நேராக மீறும் ஒரு செயலைச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது உறைத்தது. 1961-இல் திரைப்படமாகும்வரை உறைத்துக்கொண்டே இருந்தது.

அப்படியானால் கொன்றவன் வீரனாக வேண்டுமே என்று கேட்கலாம். ஆகவில்லை. சாகும் சுல்தான் எறிந்த கிரிஸ் மெகாட்டின் காலில் பட்டு ஆறாப் புண்ணாயிற்று என்றும், அவருடைய பிந்தான் வம்சத்தார் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால் வைத்தால் இரத்தம் கக்குவார்கள் என்றும் சாபக் கதை வளர்ந்தது. அரசன் வாக்கு மீறினால் தண்டிப்பது இறைவன் வேலை. கத்தியெடுத்த குடியும் வாக்கு மீறியவன்தான். நம் பாண்டியன் நெடுஞ்செழியன் தவறு தெரிந்த நொடியிலேயே உயிர் விட்டுக் கணக்கைத் தானே தீர்த்துவிட்டான். ஜொகூரில் கணக்குத் தீரவில்லை. அரச குலத்துக்குத் தங்களைக் கொடுத்திருந்த கடல் மக்களான ஓராங் லாவுட், துரோகத்தில் பிறந்த அரசு என்று அப்துல் ஜாலிலை மனதார ஏற்கவில்லை. 1718-இல், மஹ்முட் இறந்தபின் பிறந்த மகன் நானே என்று சொல்லிக்கொண்டு ராஜா கெச்சில் சுமத்ராவின் சியாக்கிலிருந்து படையோடு வந்தபோது அவர்களில் பலர் அவர் பக்கம் போனார்கள். தலைநகர் விழுந்தது. 1721-இல் அப்துல் ஜாலில் பகாங் ஆற்று முகத்துவாரத்தில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவருடைய மகன் சுலைமானைப் பட்டத்தில் அமர்த்தியவர்கள் பூகிஸ் வீரர்கள். அதிகாரத்தை அவர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.