கட்டாக்கில் வென்ற கோப்பையும் காரியாபட்டிக் கல்லூரியும்

2018 பிப்ரவரி 14 அன்று ஒடிசாவின் கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி, தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றினார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே நந்தினி முனுசாமி ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்கு முன் இந்துமதி கதிரேசன் இன்னொன்று சேர்த்தார். இரண்டாம் பாதியில் மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு கடைசி விசில் வரை தமிழ்நாட்டுத் தற்காப்பு அசையவில்லை.

யாரை வென்றார்கள் என்பதுதான் இதில் பெரிய சேதி. அதற்கு முன்பே மணிப்பூர் அந்தப் பட்டத்தைப் பதினைந்து தடவைக்கு மேல் வென்றிருந்தது. அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் பெற்ற ஓய்னம் பெம்பெம் தேவி அந்த மண்ணின் மகள். அம்மா ஆடியதைப் பார்த்து மகளும் பந்தை உதைக்கும் ஊர்கள் அங்கே உண்டு. பெண் பிள்ளை கால்பந்து ஆடுவது அங்கே வீட்டுச் சண்டைக்குக் காரணமாவதில்லை. அந்த மரபை ஒரே தலைமுறையில் எட்டிப் பிடித்தவர்கள் என்பதால் கட்டாக் வெற்றிக்குத் தனி எடை.

எட்டிப் பிடித்தது எப்படி? இந்துமதி கடலூர்க்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் சிறுமிகளைச் சேர்த்துப் பந்து பழக்கினார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதெமி என்ற பெயரில் அந்த முயற்சி வளர்ந்து, இந்திய மகளிர் லீக் வரைக்கும் ஓர் அணியை அனுப்பியது. இந்துமதிக்குத் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய அவர், 2020 ஊரடங்கின்போது காக்கி உடுப்பில் சென்னைத் தெருக்களில் காவல் பணி பார்த்தார். மாதச் சம்பளம் வரும் வேலை இருந்ததால்தான் இருபத்தைந்து வயதைத் தாண்டியும் அவரால் பூட்ஸைக் கழற்றாமல் இருக்க முடிந்தது. கோல் அடித்த காலைப் பாராட்டும் பத்திரிகைகள் இந்தச் சம்பளக் கணக்கை எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

அடுத்த கதை மல்லாங்கிணற்றுக்கு அருகில் தொடங்குகிறது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊராக இலக்கிய வாசகர்கள் அறிந்த மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் இருக்கிறது. சேது பொறியியல் கல்லூரி இருக்கும் புல்லூரும் அதே வட்டம்தான். அந்தக் கல்லூரியின் பெயரையே சூடிக்கொண்டு 2016இல் சீனி மொஹைதீன் தொடங்கிய பெண்கள் அணிதான் சேது எஃப்.சி. வெளியுலகம் அதை மதுரை அணி என்றே சொல்கிறது.

2019 மே 22 அன்று பஞ்சாபின் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். கட்டாக்கில் எதிரெதிர் அணிகளில் கோல் அடித்த இந்துமதியும் ரத்தன்பாலாவும் லூதியானாவில் ஒரே அணிக்காரர்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் அந்தப் பருவத்தில் சேதுவுக்கு ஆடினார். காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரியின் பெயரை மார்பில் தாங்கி இம்பாலுக்கு அருகில் பிறந்தவரும் நேபாளத்துக்காரரும் ஓடினார்கள். சீமைக் கருவேல மூட்டமும் கந்தக வாடையுமாக அறியப்பட்ட ஒரு மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

மூன்றாண்டு கழித்து, 2022 மே 26 அன்று புவனேசுவரத்தில் இதே அணி இன்னொரு பெரிய நாளைச் சந்தித்தது. லீக் முறைப்படி நடந்த போட்டி அது. ஆனாலும் கடைசி ஆட்டமே இறுதி ஆட்டமாக அமைந்துவிட்டது. சேதுவும் கோகுலம் கேரளாவும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றிருந்தன. கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு வெற்றி வேண்டும். முதல் கோலைப் போட்டது சேதுதான். இடைவேளைக்குள் கோகுலம் மூன்றைப் போட்டுவிட்டது. பட்டம் 3-1 என்று கோழிக்கோட்டுக்குப் போனது. தோல்விதான் என்றாலும், ஒரு நாட்டு லீக்கின் கடைசி நாளில் பட்டத்துக்காக நின்ற இரண்டு அணிகளில் ஒன்று இந்த வறண்ட கரிசல் நாட்டோடு தொடர்புடையது.

உலக வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் குடிசன் பார்க் மைதானத்தில், தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் லேடீஸ் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. பெண்களுக்கான எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதி ஆட்டம் 1971இல்தான் நடந்தது. 2023 இறுதி ஆட்டத்துக்கு வெம்பிளியில் 77,390 பேர் வந்தார்கள். இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிச் சம்மேளனம் 1975இல் தோன்றியது. சில ஆண்டுகள் கழித்துக் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பிடித்தார்கள். ஆட வந்த பெண்களுக்கு எக்காலத்திலும் குறைவில்லை. ஆட இடம் கொடுக்கத்தான் ஆளில்லை.

இடம் என்றால் கரிசல் நாட்டில் அது மண்ணிலிருந்தே தொடங்குகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மழை பெய்தால் களியாகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். நாலடி ஓடுவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கட்டி மண் ஏறிவிடும். கோடையில் அதே மண் பாளம் பாளமாய் வெடிக்கும். வெடிப்பில் கணுக்கால் சிக்கினால் ஆட்டக்காரியின் அந்த வருடமே போயிற்று. எஞ்சிய மாதங்களில் வற்றிய கண்மாய்க்குள் பையன்கள் மட்டையும் பந்துமாக இறங்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் கரையோடு சரி. “வயசுக்கு வந்த புள்ளைக்கு அரைக்கால் சட்டை என்னத்துக்கு?” என்று கேட்கும் பாட்டிகள் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிகளைக் குறை சொல்வதில் பயனில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மில் வேன் வாசலில் வந்து நிற்கிறது, தீப்பெட்டி ஆபீஸ் கூலி கைக்கு வருகிறது. பந்து எதைத் தரும் என்று கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான் கடலூர் அகாதெமியின் சாதனை. கல்லூரியில் இடம், விடுதியில் சோறு, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று மகளின் முன்னால் ஒரு பாதை தெரிந்தால் பெற்றோர் மறுப்பதில்லை. 2023 ஜூன் 28 அன்று அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாவது முறை தேசியப் பட்டத்தை எடுத்தபோதும் இந்துமதி அணியில் இருந்தார். முதல் பட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். இவ்வளவு காலம் ஒரு பெண்ணை ஆட்டத்திலேயே நிறுத்திவைக்க அந்தப் பாதை நடுவில் அறுந்துபோகாமல் இருந்தாக வேண்டும்.

தேசியக் கோப்பைக்கு இப்போது ராஜமாதா ஜீஜாபாய் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மணிப்பூர் மறுபடி எழுந்து 2025இல் நாராயண்பூரில் ஒடிசாவை 1-0 என்று வென்று தன் 23ஆவது பட்டத்தை எடுத்துக்கொண்டது. காரியாபட்டி வட்டத்துப் பிள்ளை ஒருத்தி அந்தக் கோப்பைக்கு ஆட வேண்டுமானால், இங்குள்ள பள்ளி மைதானங்களில் கரிசலின் மேல் செம்மண் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். பெண் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து பொழுது சாயும் நேரத்தில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்கள் வரை அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு டவுன் பஸ் வேண்டும்.