கல்கத்தா பென்டிங்க் தெருவின் சீனக் குடும்பக் காலணிக் கடைகள்: உறவு, சாதி, குடியுரிமை

ஆய்வுச்சுருக்கம்

கல்கத்தாவின் பென்டிங்க் தெருவில் ஹக்கா சீனக் குடும்பங்கள் நடத்திய காலணி, பூட்ஸ் கடைகள் இருபதாம் நூற்றாண்டில் அந்நகரின் தோல்தொழிலில் சிறப்பிடம் பெற்றிருந்தன. இக்கடைகளின் தேய்வுக்கு இயந்திர உற்பத்தியின் போட்டியும் 1962ஆம் ஆண்டுப் போரும் காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. இவ்விரண்டும் உண்மையே, ஆயினும் போதுமானவை அல்ல. கடையைத் தாங்கிய குடும்ப அமைப்பே அதன் எழுச்சியையும் கலைவையும் இணைத்து விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குடும்பத் தொழில், ஹக்கா சீனர், தோல்தொழில், சாதி, குடியுரிமை, கல்கத்தா.

முன்னுரை

இந்திய வணிக வரலாறு பெரும்பாலும் பெருநிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆண்டறிக்கையும் பங்குதாரர் பட்டியலும் உடைய நிறுவனம் ஆவணக் காப்பகத்தில் இடம்பெறுகிறது. தந்தையும் மகனும் மருமகளும் நடத்தும் கடை, நகர வழிகாட்டி ஏடுகளில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடுகிறது. எனவே குடும்பக் கடையின் வரலாற்றை எழுத முற்படுபவர் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, இனவரைவியல் ஆகியவற்றை ஒருங்கே வைத்து வாசிக்க வேண்டியுள்ளது. கல்கத்தாச் சீனர் குறித்து எலன் ஆக்ஸ்ஃபெல்ட் 1993இல் வெளியிட்ட இனவரைவியல் நூல் இத்துறையில் அடிப்படையானது. அந்நூலின் கவனம் பெரிதும் டாங்ராவின் தோல் பதனிடும் ஆலைகள் மீது அமைந்தது. இக்கட்டுரை அங்கிருந்து பென்டிங்க் தெருக் கடையை நோக்கித் திரும்புகிறது.

குடியேற்றமும் தொழிற் பகுப்பும்

வங்காளத்தில் சீனர் குடியேற்றத்தின் தொடக்கமாக டோங் அச்சூ என்பவர் குறிப்பிடப்படுகிறார். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1778 அளவில், பட்ஜ் பட்ஜ் அருகே நிலம் பெற்று அவர் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் அமைத்தார். அவ்விடம் அவர் பெயராலேயே அச்சிப்பூர் எனப்படுகிறது. அவரது ஆலை நிலைக்கவில்லை. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவின் திரெட்டா பஜார் பகுதியில் சீனர் குடியிருப்பு ஒன்று உருவாயிற்று.

இக்குடியேறிகள் ஒரே குழுவினர் அல்லர். பேச்சுமொழியும் பிறந்த வட்டாரமும் தொழிலைத் தீர்மானித்தன. கான்டனியர் தச்சுவேலையிலும், ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவத்திலும், ஹக்கா மக்கள் காலணித் தொழிலிலும் தோல் பதனிடுதலிலும் ஈடுபட்டனர். 'ஹக்கா' என்னும் சொல்லுக்கே 'விருந்தினராய் வந்த குடும்பத்தார்' என்பது பொருள். தென்சீனத்திலேயே வந்தேறிகளாகக் கருதப்பட்ட ஒரு மக்கள் கல்கத்தாவில் இரண்டாம் முறையாக வந்தேறிகள் ஆயினர்.

அவர்கள் கடை வைத்த தெருவுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. ஆளுநர் பென்டிங்கின் பெயரைப் பெறுவதற்கு முன் அத்தெரு 'கசாயிடோலா', அதாவது இறைச்சி வெட்டுவோர் குடியிருப்பு, என வழங்கியது. சாதி இந்துக்கள் தீட்டெனக் கருதிய தொழில்களோடு தொடர்புடைய இடத்திலேயே தோல்கடைகள் வேரூன்றின.

கடையின் உள்ளமைப்பு

பென்டிங்க் தெருக் கடையில் முன்பகுதி விற்பனைக்குரியது. பின்பகுதியோ மேல்தளமோ பட்டறையாகவும் குடியிருப்பாகவும் பயன்பட்டது. வாடிக்கையாளரின் பாதத்தைத் தாளில் வரைந்து அளவெடுத்து, அதற்கேற்ற மரக்கட்டையின் மீது மேல்தோலை இழுத்துப் பொருத்தி, அடித்தோலைத் தைத்துக் காலணி செய்யப்பட்டது. இவ்வமைப்பில் வீடும் கடையும் வேறல்ல. வாடகை ஒன்றே, உலை ஒன்றே, கூலி பெறாத உழைப்பு குடும்பத்திலிருந்தே கிடைத்தது. பிள்ளைகள் பள்ளி முடிந்து கடைக்கே திரும்பினர். வங்கிக் கடன் எளிதில் கிட்டாத சிறு வணிகருக்கு முதலும் நம்பிக்கையும் உறவுவழியே வந்தன.

கடையின் சேமிப்பு பதனிடும் தொழிலுக்கு வழிவகுத்தது. நகரின் கிழக்கே சதுப்பு நிலமாக இருந்த டாங்ராவில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு முதல் ஹக்கா குடும்பங்கள் ஆலைகளை அமைத்தன. முதல் உலகப் போர் தோலின் தேவையைப் பெருக்கியது. தோலை வாங்கித் தைத்தவர்கள் தோலைத் தாமே பதப்படுத்துபவர்களாயினர்.

குடும்ப அமைப்பின் மற்றொரு பக்கமும் உண்டு. சீன மரபில் தந்தையின் சொத்து மகன்களிடையே சமமாகப் பிரியும். ஒரே கட்டடத்தில் சகோதரர்கள் தனித்தனிக் கணக்கில் தொழில் நடத்துவதையும், ஒருவர் இயந்திரத்தை மற்றவர் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவதையும் ஆக்ஸ்ஃபெல்ட் விவரிக்கிறார். எனவே குடும்பத் தொழில் தலைமுறைதோறும் பல சிறு அலகுகளாகப் பிரியும் இயல்புடையது. அது பெருநிறுவனமாக வளராமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

சாதியின் இடைவெளி

தோலைத் தொடுதல் தீட்டு என்னும் கருத்து இவ்வணிகத்தில் மேல்சாதியினரின் போட்டியைக் குறைத்தது. அவ்விடைவெளியில் சாதிக்கு வெளியே நின்ற சீனர் உரிமையாளர்களாக நுழைந்தனர். ஆனால் ஆலைகளில் பச்சைத்தோலைக் கையாண்ட கூலியாட்களில் பெரும் பகுதியினர் பீகாரிலிருந்து வந்த சமார் சாதியினரே. உரிமையாளர் மாறினாலும் உழைப்பின் சாதி மாறவில்லை. சீனர் வரவால் தோல்தொழிலின் இழிவு நீங்கியது என வாசிப்பது பிழையாகும். இழிவின் பொருளியல் பயன் மட்டும் கைமாறியது. வட ஆற்காட்டுப் பகுதியில், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் இசுலாமிய வணிகர் தோல்தொழிலில் பெற்ற இடத்தோடு இதனை ஒப்பிடலாம். அங்கும் சாதி அமைப்பின் விலக்கு ஒரு வணிகக் குழுவுக்கு வழிதிறந்தது. அங்கும் பதனிடுதலின் கடும் உழைப்பு பெரிதும் தலித் மக்கள் மீதே விழுந்தது.

பாட்டாவின் போட்டி

பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் பகுதியான ஸ்லின் நகரில் 1894இல் தோன்றிய பாட்டா நிறுவனம் 1931இல் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் கொன்னகரிலும் பின்னர் ஹூக்ளி ஆற்றங்கரையில் எழுந்த பாட்டாநகரிலும் அது உற்பத்தி செய்தது. பாட்டாவும் ஒரு குடும்பத்தின் நிறுவனமே. வேறுபாடு, அது குடும்ப உழைப்பை நம்பாமல் இயந்திரத்தையும் கிளைக்கடைகளையும் நம்பியதில் உள்ளது.

மலிவான, அளவு குறிக்கப்பட்ட ஆயத்தக் காலணியின் முன் பென்டிங்க் தெரு உடனே வீழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பாட்டா வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் சீனக் கடைகள் அத்தெருவின் அடையாளமாகவே விளங்கின. பாதத்திற்கேற்ற அளவும், பழுதுபார்க்கும் வசதியும், பேரம் பேசும் இடமும் ஆயத்தக் காலணியால் நிரப்ப முடியாதவை. ஆகவே இயந்திரப் போட்டி மட்டுமே கடைகளை அழித்தது என்னும் விளக்கம் காலவரிசையோடு பொருந்தவில்லை.

1962: அரசு எண்ணிய குடும்பம்

1962 அக்டோபரில் மூண்ட இந்திய-சீனப் போர் அச்சமூகத்தைப் புரட்டிப்போட்டது. ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர்; சிலர் 1967 வரை விடுவிக்கப்படவில்லை. அசாம், டார்ஜிலிங் பகுதியினரே முகாமில் மிகுதி. கல்கத்தாவில் இருந்தோர் காவல்துறைப் பதிவுக்கும் பயணக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டனர்.

அவ்வாண்டில் இயற்றப்பட்ட அயல்நாட்டார் சட்ட (பயன்பாடு மற்றும் திருத்த)ச் சட்டம் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒருவரோ, அவர்தம் பெற்றோருள் ஒருவரோ, தாத்தா பாட்டியருள் ஒருவரோ பகைநாட்டின் குடியாக இருந்திருந்தால் அவர்மீது அயல்நாட்டாருக்குரிய விதிகளைச் செலுத்த அது வழி செய்தது. கடையைத் தாங்கிய மூன்று தலைமுறை உறவே சட்டத்தின் பார்வையில் ஐயத்திற்குரிய சான்றாயிற்று. எந்தக் குடும்பப் பெயர் வணிகத்தில் நம்பிக்கை தந்ததோ, அதே பெயர் காவல்நிலையப் பதிவேட்டில் குற்றக்குறியாக மாறியது.

போருக்குப் பின்னும் டாங்ராவின் ஆலைகள் இயங்கின, செழித்தன. 1980களில் அவற்றின் எண்ணிக்கை 300ஐ ஒட்டி இருந்தது. ஆகவே போர் தொழிலை முடித்துவைத்தது என்பதும் முழு உண்மையன்று. சேமிப்பின் திசையை அது மாற்றியது எனக் கொள்வதே பொருத்தம். முன்னர் இரண்டாவது கடைக்கோ ஆலைக்கோ சென்ற பணம், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்கும் வெளிநாட்டுப் பயணத்திற்கும் சென்றது. டொராண்டோ நகரம் அவர்களின் முதன்மைப் புகலிடங்களுள் ஒன்றாயிற்று. சொத்தைப் பிரித்துத் தனித்தனியே வாழப் பழகிய மகன்கள் கண்டங்களிடையேயும் பிரிந்தனர்.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்புகள்

1996 டிசம்பர் 19 அன்று உச்சநீதிமன்றம், டாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பாக்லா டாங்கா ஆகிய பகுதிகளின் பதனிடும் ஆலைகள் நகருக்கு வெளியே இடம்பெயர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாந்தலாவில் தோல் வளாகம் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், தமிழகப் பதனிடும் ஆலைகள் குறித்து, மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அந்நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. நீரும் நிலமும் கெட்டது மறுக்கவியலாதது. தீர்ப்புகளின் தேவையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. எனினும் வீட்டோடு இணைந்த சிறு ஆலைக்கு இடமாற்றம் என்பது வீட்டையும் தொழிலையும் பிரிப்பதாகும். வாரிசுகள் ஏற்கெனவே வெளியேறிய குடும்பங்களில் புதிய இடத்தில் முதலிட ஆளில்லை. பல ஆலைகளின் இடத்தில் உணவகங்கள் வந்தன.

முடிவுரை

பென்டிங்க் தெருக் கடைகளின் வரலாற்றில் குடும்பம் மூன்று வகையாகச் செயல்பட்டுள்ளது. அது முதலும் உழைப்பும் தந்தது. சொத்தைப் பிரித்துத் தொழிலைச் சிறு அளவிலேயே நிறுத்தியது. அரசு ஐயுற்றபோது வெளியேறும் வழியையும் வகுத்தது. பாட்டாவும் போரும் தீர்ப்பும் புறக்காரணங்கள். அவை ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு ஊறு செய்யும் என்பதைக் குடும்பத்தின் அப்போதைய நிலையே முடிவு செய்தது.

ஆதலின் கடை மூடப்பட்டதைத் தொழிலின் தோல்வியாக மட்டும் கணக்கிடலாகாது. அங்கே உரிமையாளரின் பிள்ளைகள் வேறொரு வாழ்வைப் பெற்றனர். அத்தகைய வெளியேறும் வழி ஆலைக் கூலியாட்களின் பிள்ளைகளுக்கு வாய்த்ததா என்னும் வினாவையும் சேர்த்தே குடும்பத் தொழில் வரலாறு எழுதப்பட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல்தொழில் குறித்த ஆய்வுகளுக்கும் இவ்வினா பொருந்தும்.