சுவரின் கால் நனையாமல்: நான்கு அங்குலப் பட்டையின் கதை



உங்கள் வீட்டுக் கூடத்தில் தரையும் சுவரும் சேரும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை ஓடும். டைல்ஸ் மேஸ்திரி அதை ஸ்கர்ட்டிங் என்பார். எஸ்டிமேட்டில் அதற்கு எப்போதும் கடைசி வரிகளில்தான் இடம். வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்த காலத்தில் நான் கண்டது, செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான்.

இப்போது நம் குடியிருப்பில் சிலர் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். பழைய டைல் பட்டையை உடைத்துவிட்டு, மரம் போலத் தெரியும் பட்டையை ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். பதிலுக்கு முன், இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அடுத்த முறை பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போகும்போது, சாமி கும்பிட்ட பிறகு பிராகாரத்தில் நின்று கருவறைச் சுவரின் அடியைக் கவனியுங்கள். சோழர் காலக் கற்கோயில்களில் சுவர் மண்ணிலிருந்து நேராக எழுவதில்லை. அதிட்டானம் என்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கும். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதன் ஒவ்வொரு வரிக்கும் சிற்பிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியே தலையை நிமிர்த்தினால், கூரை விளிம்பில் வளைந்து வெளியே நீளும் கொடுங்கை தெரியும். மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ அது உதவுகிறது. அழகும் ஆகமமும் இதில் உண்டு. ஆனால் மேலிருந்து வரும் நீருக்கு ஒரு காப்பு, கீழிருந்து வரும் ஈரத்துக்கு ஒரு காப்பு என்ற கணக்கும் கூடவே இருக்கிறது. இன்று நாம் கார்னிஸ், ஸ்கர்ட்டிங் என்று சொல்லும் இரண்டின் வேலையும் அதில் அடக்கம்.

சாதாரண மக்களின் வீட்டிலும் இந்த எண்ணம் இருந்தது. வில்லியனூர், பாகூர் பக்கத்து மண்சுவர் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். தரையைச் சாணியால் மெழுகும்போது கை தரையோடு நிற்காது. சுவரின் மேல் ஒரு சாண் ஏறித்தான் நிற்கும். அதற்கு மேல் வெள்ளையடித்து, அடியில் செம்மண்ணோ காவியோ பூசுவார்கள். பிற்பாடு தார் பூசியவர்களும் உண்டு. வாசல் தெளிக்கும் தண்ணீர், மழைச் சாரல், துடைப்பத்தின் அடி எல்லாம் படுவது அந்த ஒரு சாண் உயரத்தில்தான். அது அழுக்கானாலும் தெரியாது, கரைந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

1749-இல் சந்தா சாகிபு வழியாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தன. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரி நகரை இடித்துத் தரைமட்டமாக்க, 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு மறுபடி கட்டினார்கள். ஐரோப்பாவில் வீட்டுத் தரை பெரும்பாலும் மரப்பலகை. பலகை குளிருக்குச் சுருங்கும், ஈரத்துக்கு விரியும். அதனால் சுவர் ஓரத்தில் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியை மறைக்கவும், சுவர்ப்பூச்சு அடிபடாமல் காக்கவும் ஒரு பலகையை அடித்தார்கள். பிரெஞ்சில் அதற்குப் பிளேந்த் என்று பெயர். மாளிகைகளில் அது அலங்காரமாக வளர்ந்து, விதவிதமான விளிம்புகளோடு ஓர் அடி உயரம் வரைகூடப் போனது.

நம் ஊரிலோ கரையான் உண்டு, கடற்காற்று உண்டு, வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கமும் உண்டு. கொத்தனாருக்குக் கைவந்த பொருள் சுண்ணாம்பு. மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, அச்சுப் பலகையை இழுத்து விளிம்பு வரிகளை எடுத்தார்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளின் முகப்பில் அந்தக் கைவேலையைப் பார்க்கலாம். இன்டாக் அமைப்பு முன்னின்று செய்த அந்த வீதியின் சீரமைப்பு 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்றது.

பிறகு சிமெண்ட் வந்தது. 1904-இல் சென்னையில் தயாரித்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியது நிலைத்தது. சிமெண்டோடு வந்த ரெட் ஆக்சைடு தரையை நம்மில் பலர் தாத்தா வீட்டில் பார்த்திருப்போம். அதில் தரையும் பட்டையும் வேறு வேறு அல்ல. தரையே மூலையில் வளைந்து சுவரில் ஏறியிருக்கும். இடுக்கு இல்லாததால் அழுக்கு சேராது, தண்ணீர் உள்ளே போகாது. அடுத்து வந்த மொசைக் தரையிலும் நல்ல மேஸ்திரிகள் அந்த வளைவை விடவில்லை. டைல்ஸ் வந்தபோதுதான் வளைவு போய் நேர்மூலை வந்தது. மூலையில் ஒரு இணைப்புக் கோடும் வந்தது. இன்று நம் வீடுகளில் தண்ணீர் உள்ளே இறங்கப் பார்ப்பது அந்தக் கோட்டின் வழியாகத்தான்.

ஆக, ஐரோப்பாவில் அந்தப் பட்டை இடைவெளியை மறைக்க வந்தது. இங்கே அது தண்ணீருக்காக இருக்கிறது. கடைகளில் இப்போது விற்கும் மரத்தோற்றப் பட்டைகளில் பல, எம்டிஎஃப் எனப்படும் மரநார் பலகையில் செய்தவை. குளிர்நாட்டுத் தேவைக்கு அது பொருத்தம். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் அதன் அடி விளிம்பு தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். ஊதியது பழையபடி சுருங்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்து சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி நீர் புகுந்த வீட்டில் டைல் பட்டையைக் கழுவிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாம். எம்டிஎஃப் பட்டையைப் பிடுங்கி எறியத்தான் வேண்டும்.

இன்னொன்று, நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி வரும் விஷயம். குளியலறையிலும் பால்கனியிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையோடு முடிவதில்லை. சுவரில் சற்று மேலே ஏறி, பட்டைக்குப் பின்னால்தான் முடியும். அங்கே சுத்தியல் வைத்துப் பட்டையை உடைத்தால் பூச்சும் கிழியும். மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்வீட்டுக்காரரின் கூரையில்தான் ஈரம் படரும். நேற்று வரை சிரித்துப் பேசிய இரண்டு குடும்பங்கள் லிப்டில் முகம் திருப்பிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

அதனால் என் யோசனை இதுதான். குளியலறை, பால்கனி, சமையலறைப் பட்டைகளைத் தொட வேண்டாம். அங்கே உடைத்தே ஆக வேண்டுமென்றால், தடுப்புப் பூச்சை மறுபடி போட்டு, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே டைல் ஒட்டச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் மரத்தோற்றம் வேண்டுமென்றால், நீர் உறிஞ்சாத பிவிசி பட்டையையோ மரக்கோடு போட்ட டைலையோ கேட்டு வாங்குங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் சுவரில் ஈரம் ஏறியிருந்தால், புதுப் பட்டையால் அதை மூடி மறைக்காதீர்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

எதுவும் செய்யாதவர்களுக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டைச் சுற்றி அந்த மூலைக் கோட்டைப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கொஞ்சம் கிரவுட் வாங்கி அடைத்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.