படத்தின் குறுக்கே ஒரு கோடு

நிழற்படத் தகட்டின் கருமையை அளவிடத்தக்க பொருளாக்கியவர்கள் இங்கிலாந்திற் பணியாற்றிய ஹேர்ட்டரும் டிறிஃபீல்டும் ஆவர். 1890இல் வெளியான அவர்தம் ஆய்வு, தகட்டின் அடர்த்தியை அதனூடு செல்லும் ஒளியின் மடக்கையோடு தொடர்புபடுத்திற்று. பின்னர், தகட்டை ஒடுங்கிய ஒளிப்பிளவின் கீழ் மெல்ல நகர்த்தி, கருமையின் ஏற்ற இறக்கத்தை வளைகோடாகப் பதியும் கருவிகள் ஆய்வுகூடங்களில் இடம்பெற்றன. கோடு செல்லவேண்டிய திசைக்கேற்பத் தகட்டைத் திருப்பினாற் போதும். பிளவின் அகலத்தை ஆய்வாளரே தெரிந்தெடுத்தமையால், எவ்வளவு பரப்பின் சராசரி தமக்குக் கிடைக்கின்றது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

1957இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தில் றசல் கேர்ஷ் தம் குழந்தையின் படத்தைக் கணனிக்குள் செலுத்தியபோது நிலைமை மாறிற்று. 176 நிரைகளும் 176 நிரல்களுமாகப் படம் சதுரங்களாயிற்று. சாய்ந்த கோடொன்று சதுரங்களின் நடுவே ஒழுங்காகச் செல்வதில்லை. எச்சதுரத்தின் பெறுமானத்தைக் கொள்வது?

இவ்வினாவுக்குரிய விடை படத்தை வாசிக்க முனைந்தோரிடமிருந்து வந்ததன்று. கோடு வரைய முனைந்தவரிடமிருந்து வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் ஜக் பிறெசன்ஹாம் 1962இல் ஒரு வரைகருவியை இயக்கவேண்டியிருந்தது. அதன் எழுதுகோல் எட்டுத் திசைகளில் மட்டுமே சிறு அடிகளாக நகரவல்லது. ஒவ்வோர் அடியிலும் உண்மைக் கோட்டிலிருந்து ஏற்படும் வழுவைக் கணித்து, அதன் குறியை மட்டும் நோக்கி அடுத்த அடியை அவர் தீர்மானித்தார். பெருக்கலோ தசமமோ வேண்டியதில்லை. நிறைவெண்களின் கூட்டலும் கழித்தலுமே போதும். 1965இல் அச்சேறிய இம்முறை, வரைவதற்கன்றி வாசிப்பதற்கும் பயன்படலாயிற்று.

'ஆர்' மொழி, 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய 'எஸ்' மொழியின் வழிவந்தது; 1990களில் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்காவும் றொபேட் ஜென்ரில்மனும் உருவாக்கியது. அதிற் படம் என்பது ஒரு தாயமே. கோட்டின் இரு முனைகளுக்கிடையே சமதூரப் புள்ளிகளைக் கணித்து, அவற்றைத் தாயத்தின் சுட்டெண்களாக இட்டால் பெறுமானங்கள் கிடைத்துவிடும். ஆயின் தசமச் சுட்டெண்ணை இம்மொழி அண்மிய நிறைவெண்ணுக்கு மாற்றுவதில்லை. தசமப் பகுதியை வெட்டிவிடுகின்றது. 2.67 என்பது 3 ஆகாது, 2 ஆகும். (1,1) இலிருந்து (10,4) வரையான கோட்டின் பத்துப் புள்ளிகளில் மூன்று இவ்வாறு அயற்சதுரத்திற்கு வழுவிவிடுகின்றன. எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. பழைய ஒளிப்பிளவைப் போல இத்தெரிவு கண்ணுக்குப் புலப்படாதது என்பதே இதன் இடர்.

அயலிலுள்ள நான்கு சதுரங்களின் நிறையிட்ட சராசரியைக் கொள்வோரும் உளர். வளைகோடு ஒப்பமாகும், எனினும் அவ்வாறு பெற்ற எண், படக்கருவி எங்கும் பதியாத எண்ணாகவும் இருக்கலாம்.

தூரம் பற்றிய வழு இதனினும் பெரிது. பக்கமொன்று 10 மீற்றரைக் குறிக்கும் சதுரங்களாலான செய்மதிப் படத்தில், ஆறொன்றை 45 பாகைச் சாய்விற் கடக்கும் கோடு 20 அடிகளைக் கொண்டதாயின், சதுரங்களை எண்ணுவோருக்கு அகலம் 200 மீற்றர். மூலைவிட்டத்தை அளப்போருக்கு அது ஏறத்தாழ 283 மீற்றர்.