கம்ப்யூட்டர் விசிறியும் கழற்றி மாட்டும் பிளக்கும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷினுக்கு மேலேயே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். நூலில் இருந்து பறக்கும் பஞ்சை ஊதித் தள்ளுவது அதன் வேலை. ஊதிய பஞ்சு எங்கே போகும்? பக்கத்து அறையில் பில் போடும் கம்ப்யூட்டருக்குள்ளும்தான் போகும். கேபினெட் விசிறியின் இறக்கையில் பஞ்சு படிந்து, ஒருநாள் விசிறி நின்றுவிடும். உள்ளே சூடு ஏறும். ஷிப்மென்ட் பேப்பர் அடிக்கிற நேரம் பார்த்து மெஷின் தானாக அணையும். விசிறியைக் கழற்றித் துடைக்கலாம் என்று பார்த்தால், வயர் நேராகப் பற்றவைத்திருக்கும்!

இதே தொல்லை நூறு வருடத்துக்கு முன்பும் இருந்தது. அப்போது அமெரிக்காவில் மின்சாதனங்களின் வயரைச் சுவரில் இருந்து வரும் வயரோடு நேராக முறுக்கி இணைப்பார்கள். ஒரு விளையாட்டுக் கூடத்தில் தரையைச் சுத்தம் செய்யும் ஆள் ஒவ்வொரு முறையும் இந்த வயர்களைப் பிரித்துச் சேர்த்துத் தவித்ததை ஹார்வி ஹப்பெல் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பிரிக்கக்கூடிய பிளக்குக்கு 1904ல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை. துடைப்பத்தில் பிறந்த கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம்.

கொங்கு நாட்டுக்கு மின்சாரம் பரவலாக வந்தது 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கிய பிறகுதான். 1937ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். பழைய ஆலைகளில் ஒரே இன்ஜின், மேலே நீளமான ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். இன்ஜின் நின்றால் எல்லாமே நிற்கும். மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆன பிறகு அந்தக் கட்டு அவிழ்ந்தது. இன்று தையல் பகுதியில் ஒரு பவர் டேபிள் மெஷின் மக்கர் செய்தால் அதை மட்டும் நிறுத்தி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர் இந்த இடத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் பவர் சப்ளைக்குள் மட்டும்தான் விசிறி. 1993ல் பென்டியம் வந்ததும் பிராசஸருக்கே தனி விசிறி தேவைப்பட்டது, பிறகு கேபினெட்டுக்கும். ஆரம்பத்தில் பல விசிறிகள் டிஸ்க் டிரைவுக்கான 4 பின் கனெக்டரில் இருந்து மின்சாரம் எடுத்தன: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்பு. எல்லோரும் அதை 'மோலெக்ஸ்' என்பார்கள். உண்மையில் அந்த வடிவம் ஏ.எம்.பி. நிறுவனத்துடையது (பெயர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு!). மதர்போர்டில் மாட்டும் 3 பின் கனெக்டர்தான் மோலெக்ஸ் வகை. பின்களுக்கு இடையே 2.54 மி.மீ. மூன்றாவது வயர் விசிறியின் வேகத்தைச் சொல்லும், சுற்றுக்கு இரண்டு துடிப்பு.

பக்கக் கதவில் விசிறி இருக்கும் கேபினெட்டில்தான் கழற்றும் வசதி மிகவும் அவசியம். கதவைத் திறந்ததும் வயர் இழுபட்டு அறுந்துவிடும். வயரை நடுவில் வெட்டி, இரு முனையிலும் பின்னை கிரிம்ப் செய்து, ஆண்-பெண் கனெக்டர் போட்டால் போதும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: மின்சாரம் வரும் பக்கத்தில் பெண் கனெக்டர்தான் இருக்க வேண்டும். ஆண் பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேபினெட் தகட்டில் பட்டு ஷார்ட் ஆகும். பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறியை மட்டும் தொடக்கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

2000களில் இன்டெல் வேகக் கட்டுப்பாட்டுக்காக நான்காவது பின்னைச் சேர்த்தது. ஆனாலும் பழைய 3 பின் பிளக் புதிய போர்டில் அப்படியே பொருந்தும். பஞ்சு துடைத்த பழைய விசிறியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.